தளம் பார்த்துக் காற்றடிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெலோட்ரோம் எனப்படும், வளைவுகள் சரிவாக அமைந்த நீள்வட்டத் தளத்தில் ஓட்டும் பந்தயச் சைக்கிளில் டயர் எவ்வளவு மெலிதோ, காற்று எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு வேகம் என்று நம் குமரி மாவட்டத்து இளம் வீரர்களும், அவர்களுக்குக் காற்றடித்துக் கொடுக்கும் என்னைப் போன்ற கடைக்காரர்களும் நம்பி வருவது பாதி உண்மையே என்று சொல்லவே இக்கடிதம்.

டெல்லி இந்திரா காந்தி விளையாட்டரங்கில் இருப்பது 250 மீட்டர் மரத்தளம். இழைத்த பலகையின் மேல் 19 முதல் 23 மில்லிமீட்டர் அகல டயரில் 150 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) மேலும் காற்று வைத்து ஓட்டலாம். சிமெண்ட் தளம் அப்படியல்ல. பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் கையால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இறுகிய டயர் அந்தச் சிறு மேடுகளை உள்வாங்காமல் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுவதால், முன்னே செல்ல உதவ வேண்டிய மிதிப்பு குலுக்கலில் வீணாகிறது. குலுங்கும்போது வேகமாகப் போவதுபோல் தோன்றுவதுதான் வேடிக்கை.

திருவனந்தபுரத்தை அடுத்த காரியவட்டத்தில் உள்ள சிமெண்ட் தளத்துக்கு என் மகனை முதன்முதலாக அழைத்துச் சென்றபோது, 20 மில்லிமீட்டர் டயரில் 160 வைத்து அனுப்பினேன். வளைவில் பின்சக்கரம் தத்தித் தத்திப் போனதை ஓரத்தில் நின்று பார்த்தேன். பிரேக்கும் இல்லாத, மிதிக்காமல் உருளவும் முடியாத வண்டி அது. தவறு என்னுடையது. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த உச்ச வரம்பையே உரிய அளவாக எடுத்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் 23 மில்லிமீட்டர் டயர் மாட்டி 115 வைத்ததும் வண்டி தளத்தோடு ஒட்டி ஓடியது. அவன் எடை 58 கிலோ. 80 கிலோ உள்ளவருக்கு இது போதாது. அதற்காகக் குறைத்துக்கொண்டே போகவும் கூடாது, சரிவில் டயர் பக்கவாட்டில் நெளியும்.

என் கடையின் இரண்டு பம்புகளின், அழுத்தம் காட்டும் கேஜ்களே 8 பி.எஸ்.ஐ. வேறுபடுகின்றன. வெயிலில் சாய்த்து வைத்த சக்கரத்தின் காற்று பத்து டிகிரி சூடேறினாலே 120 என்பது 124-ஐத் தாண்டிவிடும். எனவே போட்டி நடத்துவோர், சரிபார்த்த கேஜ் ஒன்றைத் தளத்தின் ஓரத்திலேயே வைத்து, ஓட்டத்துக்குச் சற்று முன் வீரர்கள் அளந்துகொள்ள இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
தக்கலை.