பெயரில்தான் மார்ஃபின் இருக்கிறது

புதுச்சேரி

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் பார்க்கின்சன் நோய்க்கு டாக்டர் அபோமார்ஃபின் ஊசி எழுதித் தந்தும், பெயரில் மார்ஃபின் இருக்கிறது, போதை பழகிவிடும் என்று அம்மா பெட்டியையே பிரிக்க விடவில்லை என்று எழுதியிருந்தாயே. அம்மாவுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டு.

1869-இல் லண்டனில் மத்தீசன், ரைட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் மார்ஃபினை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடாக்கியபோது கிடைத்தது இது. 'அபோ' என்றால் அதிலிருந்து வந்தது என்று அர்த்தம். பிறப்பைச் சொல்லும் பெயர், குணத்தைச் சொல்வதில்லை. மார்ஃபினிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழிகிறது. 3 ஆக்சிஜன் 2 ஆகிறது. தண்ணீர்தானே என்று விட்டுவிடாதே. அதோடு ஆக்சிஜன் பாலம் அறுந்து, வளையங்களே இடம் மாறிவிடுகின்றன. ஒரு பென்சீன் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் (OH). மூளையில் செய்தி கடத்தும் டோபமினிலும் இதே அமைப்புதான்! அதனால் மார்ஃபின் பிடிக்கும் ஏற்பியை (செல்லில் மருந்து போய் ஒட்டும் இடம்) விட்டு டோபமின் ஏற்பியைப் பிடிக்கிறது. அப்பாவின் பார்க்கின்சனுக்கு வேண்டியதும் அதுதான்.

அந்த ஹைட்ராக்சில் ஜோடியால்தான் தொல்லையும். காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து கரைசல் பச்சையாகும். பச்சை தெரிந்தால் தூர எறி, விலையைப் பார்க்காதே. உடைத்த ஆம்பூலில் (மருந்துக் கண்ணாடிக் குப்பியில்) மிச்சம் வைக்காதே. வேட்டியில் சிந்தினால் பச்சைக் கறை போகாது. இது கெடாமலிருக்க சல்ஃபைட் சேர்ப்பார்கள், அது சில ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. அப்பாவுக்கு ஆஸ்துமா உண்டென்று டாக்டரிடம் மறக்காமல் சொல்.

மாத்திரையாக விழுங்கினால் கல்லீரலே பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அதனால்தான் வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போடுகிறார்கள். 10 முதல் 20 நிமிடத்தில் உடம்பு இளகும், சுமார் ஒரு மணி நேரம் நிற்கும். இடத்தை மாற்றி மாற்றிப் போடு, இல்லையென்றால் கட்டி தட்டும்.

வாந்திதான் பெரிய சங்கடம். ஒரு காலத்தில் வாந்தி எடுக்க வைக்கவே இதைக் கொடுத்தார்கள். அதனால் இரண்டு மூன்று நாள் முன்பே டோம்பெரிடோன் என்ற வாந்தி மாத்திரை தொடங்குவார்கள், அதற்கு முன் ஈசிஜி. செல்வம், இது மட்டும் விளையாட்டில்லை: வாந்தி என்று மெடிக்கலில் கேட்டு ஆன்டான்செட்ரான் என்ற இன்னொரு வாந்தி மருந்தை வாங்கிக் கொடுத்துவிடாதே. அதுவும் அபோமார்ஃபினும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து நினைவு தப்பும். அதை பெட்டி மேலேயே பெரிதாக எழுதி ஒட்டு.

முதல் ஊசியை டாக்டர் முன்னால்தான் போட வேண்டும், படுத்தும் நின்றும் பிரஷர் பார்ப்பார்கள். தேதி தெரிந்ததும் சொல், கடலூருக்கு வருகிறேன்.

உன்
மூர்த்தி