இரவு உலகின் இரண்டு சட்டங்கள்

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? மேட்டூரை ஜூன் 12 அன்றே திறந்துவிட்டதால் இங்கே குறுவை நடவு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம், பிளஸ் ஒன்னில் நாம் மாறி மாறிப் படித்த 'நைட் வேர்ல்ட்' புத்தகத்தை மறுபடி படித்து முடித்தேன். உன் சித்தி சென்னையிலிருந்து வாங்கி வந்தாரே, மூன்று கதைகள் ஒரே அட்டைக்குள் இருந்த அந்தத் தடிப் புத்தகம்தான். அதை எழுதிய எல்.ஜே. ஸ்மித் 2025 மார்ச்சில் இறந்துவிட்டார் என்று படித்ததும் எடுக்காமல் இருக்க முடியவில்லை.

சூனியக்காரி தியாவை நினைவிருக்கிறதா? பாம்பு கடித்த மனிதப் பையன் எரிக்கைப் பிழைக்கவைத்து, அவனையே காதலிப்பாளே, அவள்தான். சூனியக்காரிகளும் இரத்தக்காட்டேரிகளும் மனிதரிடையே மறைந்து வாழும் அந்த இரவு உலகத்தில் இரண்டே சட்டங்கள். அப்படி ஓர் உலகம் இருப்பது மனிதருக்குத் தெரியக்கூடாது. மனிதரில் யாரையும் காதலிக்கக்கூடாது. மீறினால் சாவு. கீழத்தெரு, மேலத்தெரு என்று பிரிந்து கிடக்கும் ஊரில், யார் வீட்டுக்குப் போகலாம், யாரோடு பேசக்கூடாது என்று யாரும் சொல்லாமலே தெரிந்து வளர்ந்தவர்கள் நாம். தியாவின் பயம் நமக்குச் சட்டென்று புரிந்தது. ஏன் புரிந்தது என்று மட்டும் நாம் பேசிக்கொள்ளவே இல்லை. அதைப் பேசத்தான் இந்தக் கடிதம்.

இந்தக் கதைகளில் வரும் ஆத்மத் துணை, அதாவது ஒருவருக்கு ஒருவர் என்று விதியே சேர்த்துவைத்த இணை என்ற எண்ணம் நம்மை அப்படிப் பிடித்துக்கொண்டதும் இதனால்தான் என்று தோன்றுகிறது. ஊழ்தான் இருவரையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறது என்று தொல்காப்பியக் களவியலும் சொல்கிறது. எம்.ஏ.வில் அதைப் படித்த அன்று எனக்குத் தியாதான் கண்முன் வந்தாள். ஜாதகத்தை விரித்து, விதியைப் பெரியவர்களே படித்துச் சொல்லும் வீடுகள் நம்முடையவை. அந்த விதியே ஒரு பெண்ணின் பக்கம் நிற்கும் என்றால், பதினாறு வயதில் அது எவ்வளவு பெரிய தைரியம்!

ஆனால் இந்த முறை என்னை உலுக்கியது இன்னொரு கதையில் வரும் மனிதப் பெண் மேரி லினெட். இரத்தக்காட்டேரியான ஆஷ்தான் தன் ஆத்மத் துணை என்று தெரிந்த பிறகும், 'போய் ஒரு வருஷம் நீ செய்த தீங்குகளைச் சரிசெய்துவிட்டு வா' என்று அனுப்பிவிடுகிறாள். அன்றைக்கு நாம் அவள்மேல் எவ்வளவு கோபப்பட்டோம்! இப்போது மூன்று கதைகளிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். விதி சேர்த்து வைத்தாலும் ஒருவன் செய்ததற்கு அவனேதான் பொறுப்பு. அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்குத் துணிவு இருந்தது.

இந்த வரிசையில் 1996 முதல் 1998 வரை ஒன்பது கதைகள் வந்தன. பத்தாவது வரும் என்று அறிவித்தார்கள், வரவே இல்லை. இனி வராது என்பது வருத்தமாக இருக்கிறது.

அக்கா மகள் இப்போது பத்தாவது படிக்கிறாள். புத்தகத்தை அவளிடம் கொடுத்து, மேரி லினெட் கதையை முதலில் படிக்கச் சொன்னேன். ஆடிப்பெருக்குக்கு வருவாய்தானே? நீ இந்தக் கதைகளை எப்படிப் படித்தாய் என்று உன் வாயால் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் தோழி