விரல்கள் அறியும் துயரம்

அன்புள்ள முருகேசன்,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீ மறுபடியும் உன் கைப்படவே எழுதத் தொடங்கிவிட்டாய் என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே அனைவரும் நலம். ஒரு வீடியோ கேமை முடித்துவிட்டு உன் பேரன் அழுததைப் பற்றித்தான் பாதிக் கடிதம் எழுதியிருக்கிறாய். திரையில் ஒரு பொம்மை உருவம் செத்துப்போனதற்கு இவ்வளவு அழுகையா என்று நீ கேட்டிருப்பதில் வியப்பைவிடக் கவலையே அதிகம் தெரிகிறது. கவலைப்படாதே. அப்படிப்பட்ட கதைகள் என்னையும் கலங்க வைத்திருக்கின்றன.

நாவலிலோ சினிமாவிலோ ஒருவருக்குத் துன்பம் வரும்போது நாம் அருகில் இருந்து பார்க்கிறோம், மனம் உருகுகிறோம், ஆனால் அந்தத் துன்பத்தில் நம் கைக்குப் பங்கில்லை. விளையாட்டில் அந்த மனிதரை நடக்க வைத்தது, ஏற வைத்தது, காப்பாற்றியது எல்லாம் நம் விரல்கள்தான். பல மணி நேரம் ஒருவரை இப்படிக் கூடவே அழைத்துச் சென்ற பிறகு அவருக்கு நேர்வது நமக்கு நேர்ந்ததுபோல ஆகிவிடுகிறது.

'பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்' என்ற விளையாட்டு 2013-இல் வந்தது. நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் போகும் இரண்டு சிறுவர்களின் கதை. இரு கைகளாலும் பிடித்து விளையாடும் கருவியான கன்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணனை நகர்த்தும், வலப்பக்கம் தம்பியை நகர்த்தும். அவர்கள் பேசுவது எந்த நாட்டு மொழியும் அல்ல, கதைக்கென்று உருவாக்கிய ஒலிகள். ஆகவே வசனத்தால் எதையும் சொல்லிவிட முடியாது, எல்லாம் செயலாகவே நம்மை வந்து சேர வேண்டும். தாய் நீரில் மூழ்கி இறந்ததைக் கண்ட தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆறு குறுக்கிட்டால் அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டுதான் கடப்பான். கதையின் பிற்பகுதியில் அண்ணன் இறந்துவிடுகிறான். அவன் உடலை இழுத்துக் குழியில் இட்டு மண்ணைத் தள்ளி மூடுவதையும் நாமே செய்ய வேண்டும். அதன் பிறகு இடது கைக்கு வேலையே இல்லை. இத்தனை நேரமும் ஓயாமல் இயங்கிய கை சும்மா கிடப்பதை நாம் உணர்கிறோம். வீடு திரும்பும் வழியில் வெள்ளம் பாயும் ஓர் ஆறு வருகிறது. தம்பியின் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் அவன் தண்ணீரில் இறங்க மறுக்கிறான். கடைசியில், இனி பயனில்லை என்று நாம் விட்டுவிட்ட அண்ணனின் பட்டனை இடது கையால் அழுத்தும்போது அவன் நீந்தத் தொடங்குகிறான். இறந்தவனின் துணிவு இருப்பவனுக்குள் வந்து சேர்ந்ததை ஒரு விரல் அசைவிலேயே சொல்லிவிட்ட அந்த இடத்தைப் பக்கம் பக்கமாக எழுதினாலும் இவ்வளவு நேராகச் சொல்ல முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

2017-இல் வந்த 'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' விளையாட்டில் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்யும் லூயிஸ் என்ற இளைஞனின் பகுதி ஒன்று உண்டு. வலது கையால் மீனை எடுத்துக் கத்தியடியில் வைத்துத் தலையை வெட்டி எறிய வேண்டும், எடு, வெட்டு, எறி என்று அதே வேலை திரும்பத் திரும்ப வரும். அதே நேரத்தில் இடது கை அவன் கற்பனை உலகில் ஒரு சிறு உருவத்தை நடத்திச் செல்லும். முதலில் திரையின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கற்பனை மெல்ல வளர்ந்து ஆலையையே மறைத்துவிடும், ஆனாலும் நம் வலது கை கண்ணுக்குத் தெரியாத மீன்களை வெட்டிக்கொண்டே இருக்கும். உடல் ஓரிடத்திலும் மனம் வேறோரிடத்திலும் இருக்கும் ஒருவனின் நிலையை அப்போது நம் இரு கைகளும் அறிந்துகொள்கின்றன.

இதற்கு நேரெதிரானது 2016-இல் வந்த 'தட் டிராகன், கேன்சர்'. ரயான் கிரீன், ஏமி கிரீன் என்ற பெற்றோர், புற்றுநோயால் தங்கள் ஐந்து வயது மகன் ஜோயலை 2014-இல் இழந்தவர்கள். அவன் உயிரோடு இருந்தபோதே இதை உருவாக்கத் தொடங்கிவிட்டார்கள். மருத்துவமனை இரவொன்றில் குழந்தை ஓயாமல் அழுகிறான். தூக்கி ஆட்டிப் பார்க்கிறோம், குடிக்கக் கொடுத்துப் பார்க்கிறோம், எதனாலும் அழுகை நிற்பதில்லை. எதையாவது செய்தால் பலன் உண்டு என்று பழகிப்போன விளையாட்டுக்காரரின் கையில் அந்தத் தந்தையின் இயலாமையை அப்படியே வைத்துவிட்டார்கள்.

எல்லா விளையாட்டுகளும் இப்படி இருப்பதில்லை. பெரும் பொருட்செலவில் வருபவற்றில் பல, உணர்ச்சியைச் சினிமாக் காட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டு, காட்சி முடிந்ததும் நம்மை மறுபடி சுடச் சொல்கின்றன. அழகாகப் படமாக்கியிருந்தாலும் அவை என் மனத்தில் தங்கியதில்லை. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இதில் விலக்கு. அதன் இறுதியில், அறுவைச் சிகிச்சை அறையில் வழிமறித்து நிற்கும் மருத்துவரை நாமே தாக்கினால் ஒழியக் கதை நகராது. மனம் ஒப்பாமல் எவ்வளவு நேரம் நின்றாலும் அது காத்திருக்கும். மனிதகுலத்துக்கான மருந்துக்காக ஒரு சிறுமியின் உயிரை எடுக்கவிருந்த அறுவைச் சிகிச்சையைத் தடுக்கும் கதாநாயகனின் முடிவை ஏற்காதவர்களும் அதில் உடந்தையாகிவிடுகிறார்கள்.

உன் பேரன் விளையாடியது எது என்று நீ எழுதவில்லை, அவனிடம் கேட்டு எழுது. அதை அவனோடு உட்கார்ந்து நீயும் விளையாடிப் பார், ஆனால் கன்ட்ரோலர் உன் கையில்தான் இருக்க வேண்டும். கண்ணுக்கு மருத்துவர் அனுமதி தந்த பிறகு 'பிரதர்ஸ்' விளையாட்டில் தொடங்கலாம், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். ஜோயலின் கதையை இப்போதைக்குத் தொடாதே, நான் வரும்போது சேர்ந்து பார்ப்போம்.

என்றும் அன்புடன்,
கதிரவன்