யுரேனியப் பங்கு வாங்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வலது கண்ணில் புரை எடுத்துக்கொண்டேன், அதனால்தான் பதில் தாமதம். ஒரு வாரம் எதையும் படிக்கக் கூடாது என்றார் டாக்டர். மகள்தான் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். "யுரேனியம்" என்ற சொல் வந்ததும் நிறுத்திவிட்டு, "அப்பா, மறுபடியுமா?" என்று கேட்டாள். இந்தத் தடவை நான் இல்லை, அவன் என்றேன்.

உன் முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. நடையை மட்டும் விடாதே. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, யுரேனியம் தேடும் சின்னக் கம்பெனி ஒன்றில் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். நீ அடுக்கிய காரணங்களில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. உலகத்தில் எடுக்கப்படும் யுரேனியத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கஸக்ஸ்தான் என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. ரஷ்யாவின் செறிவூட்டிய யுரேனியத்தை இறக்குமதி செய்வதற்கு அமெரிக்கா 2024-ல் தடைச் சட்டம் போட்டது. ஆகவே யுரேனிய விலை ஏறும் என்கிறாய். காரணங்கள் எல்லாம் உண்மைதான். 2007-ல் நானும் இப்படித்தான் ஒரு தாள் நிறையக் காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். அவற்றில் பல பிற்பாடு சரியாகவே நடந்தன. பணம்தான் திரும்பி வரவில்லை.

அந்தக் கதையை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை, வெட்கம். கனடாவில் சஸ்காட்சுவான் மாகாணத்தின் வடக்கே அதபாஸ்கா படுகை என்று ஒரு பகுதி. உலகத்திலேயே செறிவு மிகுந்த யுரேனியத் தாது அங்கேதான் கிடைக்கிறது. அங்கே நிலம் பிடித்து வைத்திருந்த ஒரு கம்பெனியின் பங்குகளை 20,000 வாங்கினேன். பக்கத்து நிலத்தில் பெரிய தாதுப் படிவு இருக்கிறது, ஆகவே எங்கள் நிலத்திலும் இருக்கும் என்பது அவர்கள் வாதம். பணக்காரன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறான் என்பதற்காக ஒருவனுக்குக் கடன் கொடுத்த மாதிரிதான், ஆனால் அன்று அப்படித் தோன்றவில்லை.

2007 ஜூனில் யுரேனியத்தின் ஸ்பாட் விலை, அதாவது உடனே கைமாறும் சரக்கின் விலை, ஒரு பவுண்டு எடைக்கு 136 டாலரைத் தொட்டது. என் பங்கு மூன்று மடங்கு ஆனது. விற்றேனா? இல்லை. பத்து மடங்கு ஆகும் என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் விலை சரிந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. 2016 கடைசியில் பவுண்டு 18 டாலருக்கு வந்து நின்றது.

விலை விழுந்ததால் தோற்றேன் என்றுதான் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் பழைய ஆண்டறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான் வாங்கியபோது அந்தக் கம்பெனிக்கு மொத்தம் 4 கோடி பங்குகள். 2016-ல் 31 கோடி! நடுவில் யாரும் எதையும் திருடவில்லை. எல்லாம் விதிப்படி நடந்ததுதான்.

எப்படி என்றால், ஜூனியர் என்று சொல்லும் இந்தத் தாது தேடும் சின்னக் கம்பெனிகளுக்கு விற்பனை கிடையாது, வருமானம் கிடையாது. ஒரு நில உரிமம், வாடகைக்கு எடுத்த துளை இயந்திரம், நாலைந்து நிலவியலாளர்கள், அவ்வளவுதான். அந்த வடக்குப் பக்கம் பல இடங்களில் ஏரியும் சதுப்பும் உறைந்த பிறகுதான் இயந்திரத்தைக் கொண்டுபோய் நிறுத்தவே முடியும். ஆகவே குளிர்காலம்தோறும் துளை, அதற்கு முன்னால் பணம். பணத்துக்கு ஒரே வழி புதுப் பங்கு வெளியிடுவது. அதுவும் சந்தை விலைக்குக் கொஞ்சம் கீழே, வேண்டப்பட்ட சிலருக்கு பிரைவேட் பிளேஸ்மென்ட்டில். கூடவே வாரண்ட் என்று ஒரு சீட்டு: அடுத்த இரண்டு வருடத்துக்குள் இன்ன விலையில் இன்னொரு பங்கு வாங்கிக்கொள்ளலாம் என்ற உரிமை. பங்கு விலை அந்த எண்ணைத் தாண்டியதும் அவர்கள் வாங்கி விற்பார்கள், ஏற்றம் அங்கேயே மூச்சு முட்டி நிற்கும். நம்மைப் போல் சந்தையில் வாங்கியவனுக்கு அந்தச் சீட்டும் கிடையாது. கடைசியில் பத்துப் பங்கை ஒன்றாகச் சுருக்கினார்கள். என் 20,000 பங்கு 2,000 ஆனது. அதை விற்று வந்த காசில் ஒரு நல்ல செருப்பு வாங்கினேன்.

2024 ஜனவரியில் ஸ்பாட் விலை மறுபடி 100 டாலரைத் தாண்டியது. நான் எழுதி வைத்த காரணங்கள் ஜெயித்துவிட்டன. அந்தக் கம்பெனியோ அதற்குள் பெயரை மாற்றிக்கொண்டு லித்தியம் தேடப் போயிருந்தது.

பூமிக்குள் எவ்வளவு யுரேனியம் இருக்கிறது என்று நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அது வெளியே வருவதற்குள் கம்பெனி எத்தனை துண்டாகும் என்று ஒரு வரிகூட இல்லை. சிகார் லேக்கை எடுத்துக்கொள். அதே அதபாஸ்காவில் 1981-ல் கண்டுபிடித்த படிவு, தாதுவில் 15 சதவீதத்துக்கும் மேல் யுரேனிய ஆக்சைடு. அதைவிட நல்ல கல் யாருக்கு வேண்டும்? நிலத்தைச் செயற்கையாக உறைய வைத்துத் தோண்ட வேண்டிய இடம் அது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக 2006-ல் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. உற்பத்தி தொடங்கியது 2014-ல், கண்டுபிடித்து 33 வருடம் கழித்து. பின்னால் கமெக்கோ போன்ற பெரிய கம்பெனி இருந்ததால் தாங்கியது. வருமானமே இல்லாத ஒரு கம்பெனி 33 குளிர்காலத்துக்குப் பங்கு அச்சடித்தால் உன் பங்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்.

இதில் யாரும் ஜெயிப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. ஹாத்தர் என்ற ஜூனியர் கம்பெனி ரஃப்ரைடர் படிவைக் கண்டுபிடித்தது. ஃபுகுஷிமா நடந்த அதே 2011-ல் கமெக்கோவும் ரியோ டின்டோ என்ற பெரிய சுரங்கக் கம்பெனியும் ஹாத்தரை வாங்க மாறி மாறி ஏலம் கேட்டன. பங்குக்கு 4.70 கனடிய டாலர், மொத்தம் ஏறக்குறைய 65 கோடி கனடிய டாலர் கொடுத்து ரியோ எடுத்தது. உலகமே யுரேனியத்தைக் கைகழுவிய வருடத்தில்! ஆனால் மீதிக் கதையையும் கேள். 2022-ல் ரியோ அதே ரஃப்ரைடரை 15 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றுவிட்டது. அதுவரை அங்கே ஒரு சுரங்கம் திறக்கவில்லை. ஹாத்தரின் பங்குதாரர்கள் லாபம் பார்த்தது யுரேனியத்தை விற்று இல்லை, கம்பெனியையே விற்று. அதற்குப் பணப்பை பெரிதாக உள்ளவன் ஒருவன் தேடி வர வேண்டும், அதுவரை உன் பங்கு புதுப் பங்குகளால் நீர்த்துப் போகாமல் இருக்க வேண்டும்.

பேலடின் என்ற ஆஸ்திரேலியக் கம்பெனியின் பங்கு 2003-ல் ஒரு சென்ட் பக்கம் கிடந்து 2007-ல் 10 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் போனது. எல்லோரும் சொல்லும் கதை இதுதான். 2017-ல் அதே கம்பெனி கடன் கட்ட முடியாமல், வெளியிலிருந்து நியமித்த நிர்வாகிகள் கைக்குப் போனதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள்.

துளை முடிவு என்று நீ அனுப்பிய அறிக்கையைப் பார்த்தேன். "30 மீட்டருக்குச் சராசரி 0.4 சதவீதம்" என்று தலைப்பில் போட்டிருக்கிறார்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு மீட்டர் மட்டும் 12 சதவீதம் என்று இருக்கிறது. 12-ஐ 30-ஆல் வகுத்துப் பார். மற்ற 29 மீட்டரும் வெறும் கல். வெண்ணெயை ரொட்டி முழுக்கத் தேய்த்துக் காட்டுகிற வேலை. இன்னொன்று, யுரேனியம் கதிர்வீசும் பொருள் என்பதால் கருவியை வைத்து உடனே எண்ணிவிடலாம். "நொடிக்கு இத்தனை துடிப்பு" என்று ஆய்வுக்கூட முடிவு வரும் முன்பே அறிக்கை வரும், பங்கும் துள்ளும். அந்த எண்ணிக்கை தாதுவின் தரம் ஆகாது. ஆய்வுக்கூடம் சொல்லும்வரை பொறு.

இந்தோனேசியாவில் புசாங் தங்கம் என்று இல்லாததை இருப்பதாகக் காட்டி ஊரைக் கூட்டிய பிரீ-எக்ஸ் கம்பெனியின் மோசடி 1997-ல் வெடித்த பிறகு, தாது அளவைக் கம்பெனிகள் எப்படி அறிவிக்க வேண்டும் என்பதற்கு கனடா 2001-ல் 43-101 என்ற விதியைக் கொண்டுவந்தது. "இன்ஃபர்டு" என்று போட்டிருந்தால் ஊகம் கலந்த அளவு என்று பொருள், சாத்திய அறிக்கையின் லாபக் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. உன் கம்பெனி காட்டுவது முழுக்க அந்த வகைதான்.

யுரேனிய விலை ஏறும் என்பதுதான் உன் நம்பிக்கை என்றால், யுரேனியத்தையே வாங்கி இருப்பு வைக்கும் ஸ்ப்ராட் டிரஸ்ட் 2021-லிருந்து இருக்கிறது. துளை போடும் கவலை இல்லை. ஆனால் விலை இறங்கினால் அதுவும் இறங்கும். 2025 மார்ச்சில் பவுண்டு 65 டாலர் பக்கம் வந்ததே. செய்தியில் வரும் ஸ்பாட் விலையும் சின்னச் சந்தையின் விலை. மின் நிலையங்கள் பெரும்பாலும் பல வருட ஒப்பந்தத்தில்தான் வாங்குகின்றன.

நான் தடுத்தாலும் நீ வாங்குவாய் என்று எனக்குத் தெரியும், நாற்பது வருடப் பழக்கம். வாங்குவதற்கு முன்னால் ஒன்று செய். அந்தக் கம்பெனியின் கடைசி ஐந்து ஆண்டறிக்கைகளை எனக்கு அனுப்பு. முன்பக்கத்துப் படங்கள் வேண்டாம், பங்கு மூலதனம், வாரண்ட், கையிருப்புப் பணம் வரும் பின்குறிப்புப் பக்கங்கள் போதும். அடுத்த குளிர்காலத்துக்கு அவர்களிடம் காசு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். புதுக் கண்ணில் பொடி எழுத்தெல்லாம் இப்போது நன்றாகத் தெரிகிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் அனுப்பிவிடு.

உன் பழைய கூட்டாளி