வேர்த்த மூடி

மாங்குளம்,
ஆவணி மாதம்.

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளின் கல்யாணம் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. படத்தில் பிள்ளை அப்படியே உன் அம்மாவின் சாடை. இங்கே எல்லாரும் சுகம். சிறுபோக வெட்டு முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கிறது. காற்றுக்கு ஒழுங்கைப் புழுதி முழுக்க வீட்டுக்குள்தான். கிணறு வற்றவில்லை, அதுவே பெரிய காரியம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மொன்றியலில் உன் பக்கத்து வீட்டு லெபனான்காரர் கல்யாணத்துக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தார், பெயர் 'அரக்' என்றார், தண்ணீர் விட்டதும் பால் மாதிரி வெளுத்தது என்று எழுதியிருந்தாய். "எங்கட சொல்லை அவங்கள் கொண்டு போனாங்களா, அவங்கட சொல்லை நாங்கள் எடுத்தோமா?" என்றும் கேட்டிருந்தாய். நாலு நாளாக எனக்கு இதே யோசனை.

சொல் அவர்களுடையதுதான். அரபியில் 'அரக்' என்றால் வியர்வை. அதன் முதல் எழுத்து தொண்டைக்குள் இருந்து வரும், எங்கள் எழுத்தில் அதை எழுத முடியாது. வடிக்கிற குடிக்கு ஏன் வியர்வை என்று பெயர் வைத்தார்கள் என்று நீ யோசிப்பாய். அம்மா விறகடுப்பில் சோறு அவிக்கும்போது மூடியைத் தூக்கிப் பார்ப்பாவே, உனக்கு ஞாபகம் இருக்கும். மூடியின் உட்பக்கம் முழுக்க முத்து முத்தாய்த் தண்ணீர் நிற்கும். ஒரு முத்து பக்கத்து முத்தோடு சேர்ந்து பாரம் கூடி வழியும். "மூடி வேர்த்துப் போச்சு" என்பா. வடிக்கிற வேலையும் அவ்வளவுதான். கள்ளில் வெறி தருகிற மதுசாரத்தின் கொதிநிலை 78 பாகை, தண்ணீருக்கு 100. ஆகவே கள்ளைக் காய்ச்சினால் எழும்புகிற ஆவியில் மதுசாரம் கூடுதலாக ஏறும். அந்த ஆவி குளிர்ந்த இடத்தில் பட்டதும் வேர்க்கும். அந்த வேர்வையை ஏந்திப் பிடித்தால் சாராயம். முதன்முதல் அந்தப் பெயரைச் சொன்ன மனிதன் அந்தத் துளியைக் கிட்ட நின்று பார்த்தவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு அந்தச் சொல் நடந்த நடையைப் பார். துருக்கியில் ராக்கி. மங்கோலியாவில் புளித்த பாலை வடித்து ஆர்கி என்கிறார்கள். மலாய்க்காரருக்கு அராக், சிங்களவருக்கு அரக்கு. இங்கே தென்னங்கள்ளில் வடிப்பதற்கும் போத்தலில் அதே பெயரைத்தான் ஒட்டுகிறார்கள். லெபனானில் முந்திரிகை, அதுதான் திராட்சை, ரசத்தைப் புளிக்கவைத்து வடித்து, பெருஞ்சீரகம் மாதிரி மணக்கிற ஒரு விதையைச் சேர்ப்பார்கள். அந்த விதையின் எண்ணெய் தண்ணீரில் கரையாது, அதனால்தான் உன் கிளாஸ் வெளுத்தது. பொருள் ஊருக்கு ஊர் வேறு, பெயர் ஒன்று.

போத்தல் வாயை அரக்கு வைத்து மூடியதால் வந்த பெயர் என்று உன் அண்ணர் சொன்னாராமே. அது வேறு சொல் மச்சான், மரத்தில் பூச்சி கட்டுகிற அந்தச் சிவப்பு அரக்கு. பாக்குமரத்தின் ஆங்கிலப் பெயரான 'அரிக்கா'வில் இருந்து வந்தது என்றும் முன்பு சிலர் சொன்னார்கள். அந்த அரிக்காவே எங்கள் பக்கத்து 'அடைக்காய்' போர்த்துக்கீசர் வாயில் மாறிப் போனதுதான். ஆனால் பாக்குமரத்தில் யார் கள்ளு இறக்கினது?

எங்கள் பழைய சொற்களையும் எடுத்துப் பார்த்தேன். தேறல் என்றால் தெளிந்தது. பிழி என்றால் பிழிந்தது. அரியல் என்றால் பன்னாடையால் அரித்தது. எல்லாம் கையால் செய்கிற வேலை, ஒன்றிலும் நெருப்பு இல்லை. சாராயம் என்பதைச் சாரம் என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த 'மதுசாரம்' என்ற சொல்லிலும் அந்தச் சாரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அற்ககோல் என்பதும் அரபிதான், 'அல் குஹ்ல்', கண்ணுக்குத் தீட்டுகிற மை. மாப் போல அரைத்த பொடிக்கான பெயர், பிறகு எதிலும் இருந்து பிரித்தெடுத்த சாரத்துக்கு ஆகி, 16ஆம் நூற்றாண்டில் வைனின் சாரத்துக்கு வந்து நின்றது. கள்ளுக்கடைக்கு எங்கள் ஊரில் சொல்கிற தவறணையும் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்.

ஆனால் நான் உனக்கு எழுத வந்தது களவாகக் காய்ச்சுகிற கசிப்பைப் பற்றி.

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில் கிழமைக்கு எத்தனையோ கசிப்பு வழக்கு. சான்றுப்பொருளாகக் கோடா கொண்டுவருவார்கள். நீலப் பிளாஸ்டிக் பரலில் சீனியும் ஈஸ்டும் போட்டுப் புளித்த தண்ணீர், மேலே பழுப்பு நுரை, மூடியைத் திறந்தால் அந்த மண்டபமே புளிக்கும். ஒருநாள் ஒரு அம்மா கூண்டில் நின்றா. நாற்பது வயதிருக்கும், மூன்று பிள்ளைகள், புருஷன் கடைசிச் சண்டையில் போனவர். எப்படிக் காய்ச்சினாய் என்று கேட்டதற்கு, கையை நீட்டி விரலைக் கீழே சாய்த்துக் காட்டி, "குழாயால கசியும் ஐயா, துளித்துளியா" என்றா.

அதுவரைக்கும் கசிப்பு என்ற சொல்லை நூறு தடவை சொல்லியிருக்கிறேன், அதற்குள் 'கசி' இருப்பது என் காதில் விழுந்ததே இல்லை. பானை கசிகிறது என்போம், கண் கசிகிறது என்போம். அரபிக்காரர் வியர்வை என்றார், எங்கள் ஆட்கள் கசிவு என்றார்கள். ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே துளியைப் பார்த்து ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இது என் எண்ணம்தான், ஆனால் அந்த விரலைப் பார்த்த பிறகு எனக்கு வேறு விதமாக யோசிக்க வரவில்லை. சிங்களத்திலும் அதைக் கசிப்பு என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே அன்று நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை, சொல்லை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மாவுக்குத் தண்டப்பணம் விதித்தார்கள். கட்டக் காசில்லாமல் பிள்ளைகளோடு வாசலில் நின்றா. அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்களோடு எட்டாம் வகுப்பு வரை படித்து, பிறகு தகப்பனோடு சீவலுக்குப் போனவனை உனக்குத் தெரியும். காலில் தளநார் மாட்டிக்கொண்டு அவன் பனையில் ஏறினால் அணில் தோற்றுப்போகும். விடியப்புறம் இறக்கின கள்ளை ஓலைப் பிளாவில் ஊற்றி எங்களுக்கும் தந்தானே. முழங்கால் போய் மரமேற முடியாமல் இருந்தவனைக் கசிப்பு பிடித்துக்கொண்டது. மாசியில் ஈரல் பழுதாகிச் செத்துப்போனான். உனக்கு ஃபோனில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். செத்தவீட்டுக்கு நிறையச் சனம். அவன் கடைசியாகக் கட்டின கள்ளு முட்டி வளவுப் பனையிலே இன்னும் தொங்குகிறது, மகன் இறக்கவில்லை.

அந்த லெபனான்காரரைக் கண்டால் 'அரக்' என்று அவர் வாயால் மெதுவாக ஒருமுறை சொல்லச் சொல்லி ஃபோனில் பதிந்து அனுப்பு. அந்தத் தொண்டை எழுத்தை நான் இன்னும் காதால் கேட்டதில்லை. மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். முதலில் அவன் வீட்டுக்குப் போவோம், மனுசி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறா.

அன்புடன்,
உன் மச்சான்