144 பெட்டியில் இருக்கிறது, போர்ட்டில் இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் புது மானிட்டர் பற்றி எழுதும்போது திரையின் அளவு, நிறம், ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை தடவை திரை படத்தைப் புதுப்பிக்கும் என்ற எண்) எல்லாம் வந்துவிடுகிறது. பெட்டிக்குள் என்ன கேபிள் வருகிறது, பின்பக்கம் எந்தப் போர்ட்டில் சொருகினால் அந்த ஹெர்ட்ஸ் கிடைக்கும் என்ற இரண்டு வரிதான் வருவதே இல்லை. அது தெரியாமல் மூன்று வாரம் அல்லாடியவன் எழுதுகிறேன்.

பேரன் ஆசைப்பட்டானே என்று 27 அங்குலத்தில், 2560×1440, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினோம். பழைய மானிட்டரில் கிடந்த எச்டிஎம்ஐ கேபிளையே பிடுங்கிச் சொருகினோம். படம் வந்தது. "பழசு மாதிரியேதான் இருக்கு தாத்தா" என்றான். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய்ப் பார்த்தால், ரெஃப்ரெஷ் ரேட் பட்டியல் 75உடன் முடிந்துவிட்டது.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கேபிள் புரியாவிட்டாலும் பெருக்கல் புரியும். 2560ஐ 1440ஆல் பெருக்கினால் 36,86,400 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 144 தடவை. ஆக, நொடிக்குச் சுமார் 1,274 கோடி பிட், 12.7 ஜிகாபிட். படத்துக்கும் படத்துக்கும் நடுவே விடுகிற இடைவெளியையும் சேர்த்தால் 14ஐத் தொடும். எச்டிஎம்ஐயின் பழைய பதிப்பான 1.4 தாங்குவது நொடிக்கு 10.2 ஜிகாபிட். அதிலும் ஐந்தில் ஒரு பங்கு குறியீட்டுக்கே போய், படத்துக்கு மிஞ்சுவது 8.16தான். உழக்குக்குள் படி நெல் ஏறுமா? 75 ஹெர்ட்ஸ் என்றால் படத்துக்கு 6.6தான், இடைவெளியைச் சேர்த்தாலும் 8.16க்குள் அடங்கும், அதனால்தான் பட்டியல் அங்கேயே நின்றது.

கடைக்காரர் தங்க முலாம் பூசிய கேபிள் ஒன்றைக் கொடுத்தார். அப்போதும் 75தான். கடைசியில் மானிட்டரோடு வந்த கையேட்டில், பொடி எழுத்தில் இருந்த ஓர் அட்டவணை கண்ணில் பட்டது: எச்டிஎம்ஐ 75, பின்பக்கம் இருக்கிற இன்னொரு வகைப் போர்ட்டான டிஸ்ப்ளேபோர்ட் 144. கோளாறு கேபிளில் இல்லை, போர்ட்டில். பெட்டியில் 144ஐ உள்ளங்கை அகலத்துக்கு அச்சடித்தவர்களுக்கு இதைப் போட இடமில்லாமல் போயிற்று.

டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றாலே படத்துக்கு 17.28 ஜிகாபிட் கிடைக்கும், தாராளம். ஆனால் சிபியு மேசைக்கு அடியில் இருக்கிறதே என்று 5 மீட்டர் கேபிள் வாங்கியது என் முட்டாள்தனம். 144 வந்தது. சில நிமிடத்துக்கு ஒருமுறை திரை இருண்டு, இரண்டு நொடி கழித்துத் திரும்பவும் வந்தது. கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றே பயந்தோம். 2 மீட்டர் கேபிளை மாட்டியதும் நின்றுவிட்டது. பழைய டிவி ஆன்டெனா போல இதில் படம் மங்காது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் புள்ளி தெறிக்கும் அல்லது இருட்டும். தங்க முலாமுக்கும் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

4கே (3840×2160 புள்ளிகள்), 120 ஹெர்ட்ஸ் என்று போகிறவர்கள், எச்டிஎம்ஐ கேபிள் உறையில் '2.1' என்று பதிப்பு எண் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். 48 ஜிகாபிட்டுக்குச் சோதிக்கப்பட்ட எச்டிஎம்ஐ கேபிளின் பெட்டியில் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' என்ற வில்லை ஒட்டியிருக்கும். அதைச் செல்போனில் ஸ்கேன் செய்து அசலா என்று பார்க்கலாம். டிஸ்ப்ளேபோர்ட்காரர்கள் இன்னும் மேல்: டிபி40, டிபி80 என்று ஜிகாபிட்டையே பெயராக வைத்துவிட்டார்கள். இந்த யோசனை யாருடையதோ, என் வகுப்பில் இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

அடுத்த மானிட்டர் மதிப்புரையிலாவது, ஒவ்வொரு போர்ட்டிலும் எத்தனை ஹெர்ட்ஸ், பெட்டிக்குள் எந்தக் கேபிள், அது எத்தனை மீட்டர் என்பதையும் போடுங்கள். இடம் போதாது என்றால் நிறத்தைப் பற்றிய பத்தியில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்