கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

உயர்தரத்தில் பைதன் படித்துவிட்டு, மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்துக் கணினி வகுப்புகளில் சி, அடுத்து சி++ என்று போகும் பிள்ளைகள், சியில் ஓடிய செயற்றிட்டத்தை சி++ கம்பைலருக்கு (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு) மாற்றும்போது சிக்கிக்கொள்கிறார்கள். ‘டாட் சி என்பதை டாட் சிபிபி ஆக்குக’ என்ற ஒற்றை வரியோடு ரியூட்டுகள் நின்றுவிடுவதுதான் காரணம்.

முதலில், அந்தப் பெயரை விண்டோஸ் எக்ஸ்புளோரரில் மாற்றக் கூடாது. செயற்றிட்டக் கோப்பு பழைய பெயரையே தேடி, கோப்பைக் காணோம் என்று நிற்கும். நிரல் எழுதும் மென்பொருளுக்குள் இருந்தே மாற்றுங்கள்.

விஷுவல் ஸ்டூடியோவில் பெயரைத் தொடாமலும் மொழியை மாற்றலாம். செயற்றிட்டத்தில் வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ், சி/சி++, அட்வான்ஸ்ட், கம்பைல் அஸ் என்று போய் சி++ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு முன் பெட்டியின் உச்சியில் ‘ஆல் கன்ஃபிகரேஷன்ஸ்’, ‘ஆல் பிளாட்ஃபோர்ம்ஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். டிபக் (சோதனை) அமைப்பில் மட்டும் மாற்றிவிட்டு ரிலீஸ் (வெளியீட்டு) அமைப்பில் ஓட்டினால் பழைய பிழைதான் வரும். தனிக் கோப்பொன்றுக்கு யாராவது வேறு அமைப்பு கொடுத்திருந்தால், அந்தக் கோப்புக்குச் செயற்றிட்ட அமைப்பு செல்லாது. மொழியின் தரநிலையை, அதாவது சி++இன் எந்தப் பதிப்பு என்பதை, ‘லாங்குவேஜ்’ பகுதியில் மாற்ற வேண்டும். 2022 பதிப்பில் அதைத் தொடாவிட்டால் சி++14தான்.

கோட்பிளாக்ஸ் மென்பொருளில் கோப்பின் புரொப்பர்ட்டீசில் ‘பில்ட்’ பக்கத்தைத் திறந்து, கம்பைலர் வேரியபிளை சிசியிலிருந்து சிபிபி ஆக்க வேண்டும். எதில் மாற்றினாலும் பிறகு ‘ரீபில்ட்’ கொடுங்கள். வெறும் ‘பில்ட்’ சிலவேளை முன்பு கம்பைல் செய்து வைத்த பழைய ஒப்ஜெக்ட் கோப்பையே இணைத்துவிடும்.

கம்பைலர் மாறியதும் நேற்றுவரை ஓடிய நிரலில் பிழைகள் கிளம்பும். நினைவகம் ஒதுக்கும் மல்லாக் தரும் சுட்டியை சி அப்படியே ஏற்கும், சி++ கேட்காது. வகை மாற்றத்தை எழுதியாக வேண்டும். சி++ தனக்கென ஒதுக்கிய ‘நியூ’, ‘கிளாஸ்’ என்று மாறிக்குப் பெயர் வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இவற்றையாவது கம்பைலர் வரி எண்ணோடு காட்டிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் இட்ட ஓர் எழுத்தின் அளவை சைஸ்ஓஃபால் கேட்டால் நம் கணினிகளில் சி 4 என்னும், சி++ 1 என்னும். அதற்கு எச்சரிக்கைகூட வராது.

அதிகம் பேரை மறிப்பது ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’ என்ற பிழைச்செய்தி. பாதிக் கோப்புகள் சியிலும் பாதி சி++இலும் இருந்தால் இது வரும். ஒரே பெயரில் பல ஃபங்ஷன்களை அனுமதிப்பதற்காக, சி++ கம்பைலர் ஒவ்வொன்றின் பெயரோடும் அதன் உள்ளீட்டு வகைகளைக் கோத்து எழுதுகிறது. சி கம்பைலர் அப்படிச் செய்வதில்லை. ஆகவே கோப்புகளை இணைக்கும் லிங்கர் தேடும் பெயர் ஒன்று, இருக்கும் பெயர் வேறொன்று. ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் கோப்பில், சியில் எழுதியவற்றின் அறிவிப்புகளை எக்ஸ்டர்ன் ‘சி’ அடைப்புக்குள் வைத்தால் தீரும். எக்ஸ்டர்ன் வரியையும் அதை மூடும் வரியையும் சி++ கம்பைலர் மட்டும் பார்க்கும்படி இஃப்டெஃப் நிபந்தனை இட வேண்டும், இல்லாவிட்டால் சி கம்பைலர் முரண்டுபிடிக்கும். கட்டளை வரியில் சி++ கோப்புகளை ஜிசிசி என்று தட்டி இணைத்தாலும் இதே செய்தி வரலாம். சி++ நூலகத்தை அது தானாகச் சேர்ப்பதில்லை, ஜி++ சேர்க்கும்.

ரியூட் அச்சிடுவோர் மென்பொருளின் பெயர், பதிப்பு, தரநிலை மூன்றையும் முதற்பக்கத்திலேயே போடட்டும். அப்படியே, பழைய டர்போ சி++ மென்பொருள் காலத்து ‘வொய்ட் மெயின்’, ‘கிளியர்ஸ்கிரீன்’ இரண்டையும் எடுத்துவிட்டால் நல்லது.

கணினிப் பாட ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.